காது கேட்குது, ஆனா சொல் போய்ச் சேரலை

செவிவழிச் செயலாக்கச் சிக்கலும் நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறையும்

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனின் சொல்வதெழுதுதல் பயிற்சியிலிருந்து தொடங்குகிறேன். நான் வாசித்த வாக்கியம், ‘பாட்டி குடையை எடுத்தார்’. அவன் எழுதியது, ‘பாடி குட்டையை எடுத்தார்’. சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘கவனம் தேவை’ என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும் அதே ‘கவனம் தேவை’. மூன்றாவது வாரம் அவன் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், போன வருஷமே காது டெஸ்ட் எடுத்தாச்சு. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்போ இவன் வேணும்னே பண்றானா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவே. காது சரியாக இருந்தால் கேட்க வேண்டும், கேட்டால் எழுத வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. சிலிம் ரிவர் வட்டாரத்திலும் சுற்றியுள்ள பழைய தோட்டப் பள்ளிகளிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்தினால் போதும்.

மருத்துவமனையில் எடுக்கும் சாதாரணக் காது பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? சத்தம் புகாத சிறிய அறையில் பிள்ளையை உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டுவார்கள். ‘பீப்’ என்று மெல்லிய ஒலி வந்ததும் கையைத் தூக்க வேண்டும். மிகக் குறைந்த ஒலி காதுக்கு எட்டுகிறதா என்பதை அது சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. பீப் ஒலி சொல் கிடையாது. அந்த அறையில் மழை இல்லை, காற்றாடி இல்லை, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்புவிக்கும் முப்பது பிள்ளைகளும் இல்லை.

காதுக்குள் வந்த ஒலியை மூளை பிரித்தெடுக்க வேண்டும். எது ஆசிரியர் குரல், எது இரைச்சல்? ‘ட’ ஒன்றா, ‘ட்ட’ என்று இரண்டா? எந்தச் சொல் முதலில் வந்தது, எது பின்னால் வந்தது? இரு காதுகளிலும் வெவ்வேறு ஒலி வந்தால் எதைப் பிடிப்பது, எதை விடுவது? காது நலமாக இருந்தும் இந்த வேலை தடுமாறுவதைத்தான் செவிவழிச் செயலாக்கச் சிக்கல் என்கிறார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.பி.டி. என்பார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1954-இல் இத்தாலியில் எத்தோரே பொக்கா என்பவரும் அவருடைய குழுவினரும், மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் கட்டி இருந்த நோயாளிகளைச் சோதித்தார்கள். பீப் சோதனையில் அவர்களுக்குக் குறை பெரிதாகத் தெரியவில்லை. பேச்சை வேண்டுமென்றே மங்கலாக்கி ஒலிக்கவிட்டபோதோ, கட்டி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காது சொற்களைத் தவறவிட்டது. கேட்பது காதோடு முடிந்துவிடுவதில்லை என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஹெல்மர் மைக்கில்பஸ்ட், பிள்ளைகளின் செவிச் சிக்கல்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். (பெற்றோரிடம் இந்தக் கட்டிக் கதையைச் சொல்லிவிடாதீர்கள். பயந்துபோவார்கள். நம் பிள்ளைகளுக்குக் கட்டியெல்லாம் இல்லை.)

இனி நமக்கான பகுதிக்கு வருகிறேன். ஒரு பிள்ளை எழுதும் பிழைகளில் எது சாதாரணப் பிழை, எது நம்மை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டிய பிழை? இதை வெளிநாட்டுப் புத்தகம் சொல்லித்தராது. தமிழ் ஆசிரியர்தான் கண்டுபிடிக்க முடியும்.

முதலில் ல, ள, ழ. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதுகிற பிள்ளைக்குக் காதிலும் மூளையிலும் ஒரு குறையும் இல்லை. நம் ஊரில் பெரியவர்களே ‘பளம்’ என்றுதான் சொல்கிறோம். வீட்டில் கேட்டதைத்தான் அவன் எழுதுகிறான். ர, ற குழப்பமும் ந, ன குழப்பமும் இதே வகை. பேச்சில் இல்லாத வேறுபாட்டைக் காதால் பிடி என்று ஒரு பிள்ளையிடம் கேட்க முடியாது. அவற்றைக் கண்ணால் பார்த்து, எழுதி எழுதித்தான் மனத்தில் ஏற்ற வேண்டும்.

மலாய் மொழிப் பிழைகளிலும் இப்படி ஒரு வகை உண்டு. ‘பாகி’ என்று தமிழில் எழுதினால் அது ‘காலை’ என்ற மலாய்ச் சொல்லா, ‘பகிர்’ என்ற மலாய்ச் சொல்லா என்று தெரியாது. இரண்டுக்கும் தொடக்க ஒலி வேறு. நமக்கோ இரண்டுக்கும் ஒரே ‘ப’. தமிழ் எழுத்தில் பழகிய பிள்ளை மலாயில் அவ்விரண்டையும் மாற்றி எழுதுவது மொழிப் பழக்கம். நான்கைக் குறிக்கும் ‘எம்பாட்’ என்ற சொல்லின் கடைசி ‘ட்’டை விட்டுவிடுவதும் அப்படித்தான். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை என்று நாமே இலக்கணத்தில் சொல்லிக்கொடுக்கிறோம், இல்லீங்களா?

ஆனால் குறில் நெடில் அப்படி இல்லை. கல், கால். பல், பால். முடி, மூடி. எந்த ஊர்த் தமிழிலும், எந்தத் தோட்டத்துத் தமிழிலும் இந்த வேறுபாடு தெளிவாகவே ஒலிக்கிறது. ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் அப்படியே. குடை, குட்டை. பாடு, பாட்டு. எடு, எட்டு. இவை பெரும்பாலும் கால அளவால் பிரிகிற ஒலிகள். நெடில் குறிலைவிட நீளம், ‘ட்ட’ என்பதில் ஒரு கணம் நின்று போகிறோம். அந்தக் கணத்தைப் பிள்ளை பிடிக்கிறானா என்பதுதான் கேள்வி. என் மாணவன் ‘பாட்டி’யைப் ‘பாடி’ என்றும் ‘குடை’யைக் ‘குட்டை’ என்றும் இரண்டு திசையிலும் மாற்றினான். ஒற்று விடுவதை மட்டும் பழக்கமாகக் கொண்ட பிள்ளை இப்படிச் செய்ய மாட்டான். விடுவான், சேர்க்க மாட்டான்.

முதலாம் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நாள் இப்படி எழுதுவார்கள். அது எழுத்துப் பயிற்சிக் குறை. பிழை எழுத்திலா, கேட்பதிலா என்று பிரிக்க ஒரு எளிய வழி, எழுதச் சொல்லாமல் படத்தைத் தொடச் சொல்வது. குடை ஒரு படம், மழைநீர்க் குட்டை ஒரு படம். கல்லும் காலும், பல்லும் பாலும், முடியும் மூடியும். ‘நாய், தாய், காய், வாய், பாய்’ என்ற ஐந்தும் ஒரே அட்டையில் நன்றாக அமையும், அங்கே முதலெழுத்து மட்டும் மாறுகிறது. நூலகத்திலோ காலி அறையிலோ, வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு சொல்லுங்கள். பத்துச் சொல். பிறகு அதே பத்தை வகுப்பில் காற்றாடி ஓடும்போது சொல்லுங்கள். அமைதியில் ஒன்பது, இரைச்சலில் நான்கு என்றால் அது ஒரு செய்தி. இரண்டிலும் நான்கு என்றால் அது வேறொரு செய்தி. இது நோயறியும் சோதனை அல்ல. மருத்துவரிடம் கொண்டுபோக நம் கையில் இருக்கும் ஒரு குறிப்பு.

மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் கழகத்தில் ஆஷா யதிராஜ் தலைமையில் பள்ளி ஆசிரியர்களுக்காகவே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உருவாக்கப்பட்டது. பன்னிரண்டு கேள்விகள். சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதா, சுற்றுச் சத்தத்தில் சட்டென்று கவனம் சிதறுகிறதா, கேட்டதை வரிசையாக நினைவு கூர முடிகிறதா, பதில் தாமதமாக வருகிறதா, படம் காட்டினால் மட்டும் நன்றாகச் செய்கிறானா என்ற மாதிரியான கேள்விகள். பாதிக்கு, அதாவது ஆறுக்கு, ‘ஆம்’ வந்தால் முறையான சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியரின் கண்ணை நம்பித்தான் இதை உருவாக்கினார்கள். நமக்கு அதில் கொஞ்சம் பெருமை இருக்கலாம்.

கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். அந்தக் கேள்விகளில் பாதி, கவனக்குறைவுச் சிக்கல் உள்ள பிள்ளைக்கும் பொருந்தும். மொழி வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கும் பொருந்தும். 2010-இல் டேவிட் மூர் குழுவினர் பிரிட்டனில் 6 முதல் 11 வயது வரையிலான ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கேட்பதில் தடுமாறிய பிள்ளைகள் பலரிடம் ஒலியைப் பிரித்தறியும் திறனைவிட, கவனத்தை நிறுத்தும் திறனே குறைவாக இருந்ததாகக் கண்டார்கள். ஏ.பி.டி. என்று தனியாக ஒன்று உண்டா என்பதிலேயே வல்லுநர்களிடையே வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஆகவே நாம் அந்தப் பெயரைப் பிள்ளைமேல் ஒட்டக் கூடாது. ‘இவனுக்கு ஏ.பி.டி.’ என்று கோப்பில் எழுதும் உரிமை ஆசிரியருக்கு இல்லை, பேச்சுப் பயிற்சியாளருக்கும் இல்லை. அதைச் செவித்திறன் வல்லுநரான ஆடியோலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும். பொதுவாக ஏழு வயதுக்கு முன்னால் அவர்களும் சொல்வதில்லை, அதற்குக் கீழே பிள்ளைக்குப் பிள்ளை முடிவு மிகவும் மாறுகிறது. பயிற்சி ஆசிரியர்களும் தேர்வு எழுதுகிறவர்களும் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘கேட்கும் திறன் இழப்பு’, ‘செவிவழிச் செயலாக்கச் சிக்கல்’ இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதும், கண்டறிவது யார், பயிற்சி தருவது யார் என்பதைக் குழப்புவதும் விடைத்தாள்களில் அடிக்கடி வருகிற தவறுகள்.

இன்னொரு காரணத்தையும் தள்ளிவிடக் கூடாது, நடுக்காதில் நீர். சளி பிடித்த பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கும். சில வாரம் கேட்பது மங்கும், பிறகு தெளியும், மறுபடி மங்கும். தெளிந்திருக்கும் நாளில் சோதித்தால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் முடிவு வரும். ஆகவே பெற்றோரிடம், "டிம்பனோமெட்ரியும் எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். காதில் ஒரு முனையை வைத்து அழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் சோதனை அது. வலிக்காது, சில நிமிடம்தான்.

எங்கே போவது? முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தான், அங்கே மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். அதன் பிறகு ஆடியோலஜி, பேச்சுப் பயிற்சிப் பிரிவுகள் உள்ள பெரிய மருத்துவமனை. நம் ஊரிலிருந்து ஈப்போ ஒரு பக்கம், கோலாலம்பூர் மறுபக்கம், எங்கே போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ நாள் சம்பளத்துக்குப் போகும் பெற்றோருக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி. அதனால் முதல் தடவையே வீணாகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. ‘கவனிப்பதில்லை’ என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து அனுப்பாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் அனுப்பினேன், பயனில்லை. நீங்கள் சொன்ன வாக்கியம், அவன் எழுதியது, அப்போது மழையா அமைதியா, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தான், படத்தைத் தொடும் விளையாட்டில் எத்தனை சரி, வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

மொழி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் ஆடியோலஜி, பேச்சு அறிவியல் படிப்புகளைத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய சித்தி ஸம்ரத்தோல் முகாரியும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் மலாய் எண்களைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வலது காதில் ஓர் எண், அதே நொடியில் இடது காதில் வேறோர் எண். கேட்ட எல்லாவற்றையும் பிள்ளை சொல்ல வேண்டும். ஆங்கிலச் சோதனையை நம் நாட்டுப் பிள்ளைக்கு அப்படியே வைக்க முடியாது என்பதால் செய்த வேலை அது. அதே நியாயம் தமிழ்ப் பிள்ளைக்கும் பொருந்தும். வீட்டில் தமிழ் மட்டும் பேசி, இப்போதுதான் மலாய் கற்கும் ஏழு வயதுப் பிள்ளை மலாய்ச் சோதனையில் தடுமாறினால், அது செவியின் தடுமாற்றமா, மொழியின் தடுமாற்றமா? சோதிப்பவருக்கு அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

பேச்சுப் பயிற்சி என்றதும் நம்மில் பலர் நாக்குத் திருந்தாத பிள்ளைக்கு ‘ர’ சொல்லிக்கொடுப்பது என்றே நினைக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு அங்கே நடப்பது வேறு. சொல்லை அசையசையாகத் தட்டிக் கேட்பது, ஒலி ஒன்று மட்டும் மாறும் சொல் இணைகளைப் பிரிப்பது, இடையில் ஒரு சொல் விடுபட்ட வாக்கியத்தைப் பொருளைக் கொண்டு நிரப்புவது, ஒரு கட்டளை, இரண்டு கட்டளை, மூன்று கட்டளை என்று நினைவை நீட்டுவது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, தனக்குப் புரியவில்லை என்பதைத் தானே உணர்ந்து, "மறுபடியும் சொல்லுங்க" என்று கேட்கப் பழக்குவது. என் மாணவன் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் திட்டு விழும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அதற்குக் காரணம் நான்.

தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அங்கே நாம் உதவலாம். குடை குட்டை, கல் கால் என்று படத்தோடு ஓர் அட்டைக் கட்டு செய்து, எப்படி ஒலிக்க வேண்டும் என்று கைப்பேசியில் பதிவு செய்து அம்மாவிடம் கொடுத்துவிட்டால் பயிற்சியாளர் அதையே பயன்படுத்திக்கொள்வார். வீட்டிலும் தினம் பத்து நிமிடம் நடக்கும்.

கணினி விளையாட்டு வாங்கினால் மூளை சரியாகிவிடும் என்று விளம்பரம் வரும், பெற்றோர் நம்மிடம் கேட்பார்கள். ‘ஃபாஸ்ட் ஃபார்வர்ட்’ என்ற புகழ்பெற்ற பயிற்சி மென்பொருளை 2008-இல் ரொனால்ட் கில்லம் குழுவினர் அமெரிக்காவில் மொழிச் சிக்கல் உள்ள 216 பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மென்பொருளில் பயின்றவர்களும் முன்னேறினார்கள், பேச்சுப் பயிற்சியாளரோடு உட்கார்ந்தவர்களும் முன்னேறினார்கள், பொதுப் பாட விளையாட்டுகள் விளையாடியவர்களும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறினார்கள். கடன் வாங்கி மென்பொருள் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மருத்துவமனைத் தவணை வரும்வரை வகுப்பில் என்ன செய்வது? சத்தத்தைக் குறைப்பதும் தூரத்தைக் குறைப்பதும்தான் முதல் மருந்து. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் ஆறு டெசிபல் குறையும். வகுப்பறையில் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது, ஆனால் அந்த எதிரொலியே சொற்களைக் குழப்பிவிடும். பிள்ளைகள் கேட்டுக் கற்க, ஆசிரியர் குரல் சுற்றுச் சத்தத்தைவிடப் பதினைந்து டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள். காற்றாடி ஐந்தில் ஓடும் நம் வகுப்பறையில், பின்வரிசையில் அது கிடைக்காது. தகரக் கூரைமேல் மாலை மழை அடித்தால் முன்வரிசையிலும் கிடைக்காது. அந்தப் பிள்ளையை இரண்டாம் வரிசையில், சாலைப் பக்கச் சன்னலிலிருந்து தள்ளி, காற்றாடிக்கு நேர்கீழே இல்லாமல் உட்கார வையுங்கள். முதல் வரிசையைவிட இரண்டாவது நல்லது, முன்னால் இருக்கும் பிள்ளைகள் புத்தகம் எடுப்பதைப் பார்த்துத் தானும் எடுப்பான். நாற்காலிக் கால்களுக்குப் பழைய ஜப்பான் சிலிப்பர் ரப்பரை வெட்டி மாட்டினால் பாதிக் கிறீச்சல் போய்விடும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சனிக்கிழமையில் செய்து முடிக்கும் வேலை.

பேசும்போது கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். "புத்தகத்த எடுத்து பக்கம் முப்பத்திரண்ட திறந்து மூணாவது கேள்விக்கு வட்டம் போட்டுட்டு நோட்டுல எழுதுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்லிக் காத்திருங்கள். பக்க எண்ணைப் பலகையில் எழுதுங்கள். வேகத்தைக் குறைத்தால் போதும், கத்த வேண்டியதில்லை. கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், பிள்ளை தவறவிடும் மெய்யெழுத்து அப்படியே இருக்கும். சொல்வதெழுதுதலில் நான் இப்போது எல்லாருக்குமே மேசையில் விரலால் தட்டச் சொல்கிறேன். ‘குடை’ இரண்டு தட்டு. ‘குட்டை’ என்றால் முதல் தட்டுக்குப் பின் விரலை அழுத்தி நிறுத்தி, பிறகு அடுத்த தட்டு. காது தவறவிட்டதை விரல் பிடித்துக்கொள்கிறது. வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டல் திறனை மழை பெய்யும் வேளையில் பதிவு செய்யாதீர்கள். பிள்ளை பெற்ற நிலை அவனுடையதா, கூரையுடையதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஒன்றைத் தயக்கத்தோடு சொல்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளையைச் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழும். ஓ.கே.யு. அட்டையோ சிறப்பு வகுப்போ தேவைப்படும் பிள்ளைக்கு அது பெரிய உதவி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காது முழுமையாகச் சோதிக்கப்படாமல், ஒரு தவணைப் பேச்சுப் பயிற்சிகூட நடக்காமல், இருக்கையையாவது மாற்றிப் பார்க்காமல் அந்தப் பேச்சு வருமானால் நான் எதிர்ப்பேன். நல்ல பிள்ளை ஒருத்தன் அறிவில் குறைந்தவன் என்ற பெயரோடு ஆறு ஆண்டைக் கழிப்பது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பையனுக்குத் தவணை கிடைக்க மாதங்கள் ஆயின. நடுக்காதில் நீர் இருந்தது, அதற்கு மருத்துவம் நடந்தது. அது தெளிந்த பிறகும் இரைச்சலில் அவன் தடுமாறியதால் பேச்சுப் பயிற்சி தொடர்ந்தது. இப்போது நான்காம் ஆண்டு. ஒற்றுப் பிழை இன்னும் வருகிறது, அன்றைக்கு மாதிரி இல்லை. போன வாரம் சொல்வதெழுதுதல் தொடங்கப் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், ஒரு நிமிஷம். காத்தாடிய நிப்பாட்டிட்டு வந்துடறேன்."